சனியனும் வல்லயமும்



போர்க்கருவிகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டபோது நான் பீரங்கியைத் தொடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்னப் பொருள்: துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற கத்தி. பயனட் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். தமிழில் அதற்குத் துப்பாக்கிச் சனியன் என்று ஒரு பெயர் உண்டு. நான் கேலியாகச் சொல்லவில்லை. பழைய மொழிபெயர்ப்புகளிலும் ஈழத்து எழுத்துகளிலும் இந்தச் சொல் கிடக்கிறது. சிறுவயதில் முதன்முதலாக இதைப் படித்தபோது, பிடித்தால் விடாது என்பதால் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். "அது சனியனும் இல்ல, ராகுவும் இல்லல. சங்கீன்" என்றார். இந்துஸ்தானியில் பயனட்டுக்குச் சங்கீன் என்று பெயர். பட்டாளத்து அணிவகுப்பில் இன்றும் அந்தச் சொல்தான். சிப்பாய்களின் வாய்வழியாக ஊருக்குள் வந்த சங்கீன், நமக்கு ஏற்கெனவே பழக்கமான சனியனோடு ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். மொழியியல் துறையினர் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் பெயர் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

இந்தச் சனியன் நம் சீமைக்குள் வந்து இறங்கிய இடங்களில் முக்கியமானது நாம் கூடியிருக்கிற இந்த ஊர். பாளையங்கோட்டை என்ற பெயரிலேயே பாளையமும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. கோட்டையின் பெரும்பகுதி இடிபட்டுப்போய்விட்டது. மிஞ்சிய துண்டுகளைத் தாண்டித்தான் நாம் தினமும் பஸ்ஸுக்குப் போகிறோம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், படை இங்கே தங்கியிருந்தது. இங்கிருந்து வடகிழக்கே முப்பது மைலில் பாஞ்சாலங்குறிச்சி. பயனட்டின் வரலாற்றை எழுதிய ஐரோப்பியர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பாடம் அந்த முப்பதாவது மைலில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஐரோப்பாவின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரான்சின் பயோன் என்ற ஊரின் பெயரிலிருந்து பயனட் என்ற சொல் வந்தது என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே இரண்டு வகைக் காலாட்கள் இருந்தார்கள். ஒருவன் துப்பாக்கிக்காரன். ஒருமுறை சுட்டுவிட்டால் மறுபடி மருந்தும் குண்டும் திணிக்கும் வரை அவன் கையில் இருப்பது வெறும் தடி. அந்த இடைவெளியில் குதிரைப்படை பாய்ந்துவிடாமல் காப்பாற்ற நீண்ட ஈட்டியுடன் இன்னொருவன் பக்கத்தில் நிற்கவேண்டும். இரண்டு ஆளுக்கும் சம்பளம், இரண்டு ஆளுக்கும் சோறு. துப்பாக்கிக்காரனே ஈட்டிக்காரனாகவும் ஆகிவிட்டால் செலவு மிச்சம். பயனட் பிறந்த காரணம் இவ்வளவுதான். வீரத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் மூளை அதில் அதிகம்.

முதலில் வந்தது செருகு பயனட். மரப்பிடி போட்ட கத்தி. பிடியைக் குழாயின் வாய்க்குள்ளேயே திணித்துவிடுவார்கள். குழாய் அடைபட்டபின் சுடமுடியாது என்பதை யோசிக்காமல் இருந்திருக்கமாட்டார்கள். வேறு வழி தோன்றவில்லை. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி என்ற இடத்தில் அதற்கு விலை கொடுத்தார்கள். மலைச்சரிவிலிருந்து வாளோடு ஓடி வந்த மலைநாட்டார், அரசுப் படையினர் சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுவதற்குள் மேலே விழுந்துவிட்டார்கள். அதன்பிறகு குழாயைச் சுற்றி மாட்டும் குழல் பயனட் பரவியது. 1703-இல் பிரெஞ்சுப் படை ஈட்டியைக் கைவிட்டது. இங்கிலாந்தும் அதையொட்டிக் கைவிட்டது. ஈட்டியின் காலம் முடிந்தது என்று ஐரோப்பியப் போர் நூல்கள் அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்ததைக் கொஞ்சம் அருகே வைத்துப் பார்ப்போம். இந்தியா பேட்டர்ன் மஸ்கட் என்று பெயர். இந்தியாவில் தன் படைகளுக்காகக் கும்பினி மலிவாகச் செய்வித்த துப்பாக்கி இது. குழாய் 39 அங்குலம். முந்தைய மாதிரிகளைவிடக் குட்டை. பிரான்சோடு போர் மூண்டு துப்பாக்கிப் பஞ்சம் வந்தபோது இங்கிலாந்து அரசே இந்த மாதிரியை எடுத்துக்கொண்டு, 1797 முதல் தன் படைகளுக்கும் இதையே செய்யச் சொன்னது. நம் செம்மண்ணுக்காகச் சிக்கனமாகச் செய்த சரக்கு அப்படித்தான் வாட்டர்லூ வரை போனது.

துப்பாக்கியின் மொத்த நீளம் ஏறக்குறைய நாலரை அடி. முனையில் மாட்டும் பயனட்டின் அலகு 17 அங்குலம், நம் கணக்கில் ஒரு முழத்துக்கு ஒரு விரற்கடை குறைவு. அதை நீங்கள் நினைக்கிற மாதிரிக் கத்தி என்று சொல்லமுடியாது. வெட்டுவாய் கிடையாது. முப்பட்டையாக, பனைமட்டையின் நடுநரம்பு போல, நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். முப்பட்டைக் காயம் ஆறவே ஆறாது, அதனால்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். குறைந்த இரும்பில் வளையாத குத்தூசி வேண்டுமென்றால் கொல்லன் முப்பட்டையாகத்தான் அடிப்பான்.

சூட்சுமம் அலகில் இல்லை, அடியில் இருக்கிறது. மூன்று அங்குலத்துக்கு ஒரு குழல். அதில் வளைந்து திரும்பும் ஒரு காடி. துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு சிறு குமிழ். குழலை நுனியில் நுழைத்து, குமிழைக் காடிக்குள் விட்டு ஒரு திருகு. மாட்டியாயிற்று. அலகு நேராக முன்னே நீளாமல், கழுத்தில் வளைந்து பக்கவாட்டில் விலகி நிற்கும். அந்த வளைவு எதற்கு என்றால், மருந்தையும் குண்டையும் முன்வாய் வழியாகத்தான் கெட்டிக்கவேண்டும். கெட்டிக்கும் கை கத்தியில் படக்கூடாது. சுடவும் முடியும், குத்தவும் முடியும், ஒன்றுக்காக இன்னொன்றைக் கழற்றவேண்டியதில்லை. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான்.

இதில் ஒரு குறையும் இருந்தது. அந்தக் காடியைப் பூட்ட அப்போது வேறு கொக்கி கிடையாது. எதிரி அலகைப் பற்றித் திருகி இழுத்தால் கையோடு கழன்று வரும். பூட்டும் வில் பின்னால்தான் வந்தது.

துப்பாக்கியும் பயனட்டும் சேர்ந்து ஆறடி. இந்த ஆறடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும், அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்தவை. கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் இதே பாளையங்கோட்டையில் சிறைவைத்தார்கள். 1801 பிப்ரவரி 2, மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளைக்காரர்கள் விருந்துண்டுகொண்டிருந்த நேரத்தில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். துரத்திக்கொண்டு போன படை பாஞ்சாலங்குறிச்சியை நெருங்கியபோது, இடித்துப்போட்ட கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நிற்பதைக் கண்டது. அந்த விருந்தில் இருந்தவரும் அந்தப் படையோடு போனவருமான ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி, 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். பிஷப் கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதியபோது வெல்ஷைத்தான் பக்கம் பக்கமாக எடுத்துப்போட்டார்.

வெல்ஷ் தரும் அளவுகள்: இரண்டு பக்கம் 500 அடி, இரண்டு பக்கம் 300 அடி, 12 அடி உயரச் சுவர், மூலைகளிலும் இடையிலும் சிறிய சதுரக் கொத்தளங்கள். எல்லாம் மண். செங்கல் கிடையாது, கல் கிடையாது. நம்மூர்க் கரிசலைக் குழைத்துச் சுவர் வைத்தவர்களைக் கேளுங்கள், காய்ந்தபின் அது எப்படி இறுகும் என்று சொல்வார்கள். சிறு பீரங்கிக் குண்டு போய்ப் புதைந்துகொள்ளும், சுவர் விழாது.

1801 மார்ச் 31 அன்று மெக்காலே தாக்கினார். பீரங்கியால் ஒரு கொத்தளத்தில் உடைப்பு உண்டாக்கி, வெள்ளைக்காரப் படையும் சிப்பாய்களும் பயனட்டோடு அதன்மேல் ஏறினார்கள். உடைப்பின் உச்சிவரை போய்விட்டார்கள். அதற்கப்பால் ஒரு அடி வைக்க முடியவில்லை. உச்சியில் தலை தெரிந்த ஒவ்வொருவனும் குத்துப்பட்டோ சுடப்பட்டோ விழுந்தான். குத்தியவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. வல்லயம் என்கிற நீண்ட ஈட்டிகளின் முனைகள் மட்டும் வேலிமுள் போல எழுந்து எழுந்து வந்தன. படை பின்வாங்கியது. இழப்பு கொஞ்சமல்ல. அதிகாரிகள் பலர் விழுந்தார்கள்.

ஏன் ஏறமுடியவில்லை என்பது வெல்ஷுக்கு அன்று புரியவில்லை. மே மாதம் கோட்டை விழுந்து உள்ளே போய்ப் பார்த்தபின்தான் விளங்கியது. கொத்தளத்தின் உட்புறம் வெறும் கூடு. சுவரின் மேல் நின்று காவல் காக்கும் வழக்கமே அங்கு இல்லை. வீரர்கள் கூட்டுக்குள்ளே தரையில் நின்றுகொண்டு, அங்கிருந்தே மேல்நோக்கிக் குத்தினார்கள். அந்த வல்லயங்களின் நீளம் பதினெட்டிலிருந்து இருபது அடி என்று வெல்ஷ் எழுதுகிறார். பன்னிரண்டு, பதின்மூன்று முழம்.

இப்போது ஆறடிக்கு வாருங்கள். உடைப்பின் உச்சியில் நிற்பவன் கையில் ஆறடி. கீழே நிற்பவன் கையில் இருபதடி. மேலே நிற்பவனுக்குச் சுடுவதற்கு இலக்கு இல்லை. சுட்டாலும் மறுபடி கெட்டிக்க இருபது விநாடி, அந்த இருபது விநாடியும் வல்லயத்தின் எட்டுதூரத்துக்குள். கீழே நிற்பவனுக்கோ தலைக்கு மேல் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புச் சட்டை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஈட்டியை ஒழித்துவிட்டதாகச் சொன்ன பயனட், நம் கரிசல் காட்டில் அதே ஈட்டியிடம் தோற்றது. தோற்கடித்தது முரட்டு வீரம் மட்டும் இல்லை. கோட்டையை ஆயுதத்துக்கேற்ப, ஆயுதத்தைக் கோட்டைக்கேற்ப அளந்து அமைத்த ஒரு மூளை அங்கே இருந்திருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி வீரன் சுவர்மேல் ஏறி நின்றிருந்தால் மஸ்கட் குண்டுக்குச் சுலபமாக இரையாகியிருப்பான். அவன் இறங்கி நின்றான்.

இதை நம்மவர்கள் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் மனக்குறை. 1959-இல் வந்த கட்டபொம்மன் படத்தின் வசனம் நமக்கு மனப்பாடம். மீசையும் உறைவாளும் கண்முன் நிற்கின்றன. வல்லயம் நினைவில் இல்லை. வாள் அரசனுக்கு அழகு. கோட்டையைக் காத்தது பேர் தெரியாத ஆட்கள் பிடித்த கம்பு.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடும் கூடுதல் படையோடும் வந்தார். 24-ஆம் தேதி கொத்தளத்தை நன்றாகவே தகர்த்துவிட்டு ஏறினார்கள். அப்போதும் வல்லயச் சுவர் அசையவில்லை. கடைசியில் கைக்குண்டுகளையும் கனத்த இரும்புக் குண்டுகளையும் உள்ளே தூக்கிப் போட்டு, கூட்டுக்குள் நின்றவர்களைக் கொன்றபிறகே நுழைய முடிந்தது. ஆக, பாஞ்சாலங்குறிச்சியைப் பயனட் பிடிக்கவில்லை. வெடிமருந்து பிடித்தது. பயனட் பின்னால் நடந்து போனது.

பயனட்டின் முழு வரலாறுமே ஏறக்குறைய இப்படித்தான் என்று நினைக்கிறேன். அது குத்திக் கொன்றவர்கள் குறைவு. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே ஒரு மோதலுக்குப் பின் காயங்களை எண்ணிப் பார்த்தபோது குண்டுக்காயம் 119, பயனட் காயம் ஐந்து. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கு வந்த காயங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பயனட்டால் வந்ததில்லை. மாட்டும்போது வருகிற அந்தக் கிளிக் ஓசை, வரிசையாக மின்னும் அலகு, எதிரே வருகிறவன் ஓடிவிடவேண்டும் என்று தோன்றவைப்பது: அதன் வேலை பெரும்பாலும் அதுதான். நம்மவர்கள் ஓடவில்லை, அதனால் பலிக்கவில்லை.

பின்வந்த கதை நீளமானது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படைக்கல வல்லுநர்களின் மண்டையில் நூறு ஆண்டுகள் குடைந்துகொண்டிருந்தது இந்த எட்டுதூரம்தான். துப்பாக்கியைக் குட்டையாக்கினால் உடனே பயனட்டை நீட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1886-இல் தங்கள் லெபல் ரைஃபிளுக்கு இருபது அங்குலத்துக்கும் மேற்பட்ட ஊசி போன்ற பயனட்டைச் செய்தார்கள். பிரிட்டிஷார் 1888-இல் லீ-மெட்ஃபோர்டுக்கு 12 அங்குலக் கத்தி கொடுத்தார்கள். பிறகு ரைஃபிளே குட்டையானதும் பதறிப்போய் 1907-இல் 17 அங்குலத்துக்குப் போனார்கள். அந்த 1907 மாதிரி ஜப்பானியரின் அரிசாகா பயனட்டைப் பார்த்துச் செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே 1885-இல் சூடானின் அபு கிளியாவில் பயனட்டுகள் குத்தும்போதே வளைந்துபோய், இரும்பு சரியில்லை என்று லண்டனில் பெரிய கூச்சல்.

இந்த 1907 பயனட்டை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த திரீ நாட் திரீ ரைஃபிளோடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் அந்த ஒரு முழக் கத்தி செடிகொடியில் சிக்கித் தொல்லை தந்தது. இந்தியாவிலேயே அதைப் 12 அங்குலமாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் இன்னும் ஒருபடி போய், எட்டங்குல ஆணி ஒன்றைச் செய்து அதுவே போதும் என்றார்கள். 17 எட்டானது. எட்டுதூரக் கவலை ஒருவழியாகத் தீர்ந்தது. அதே போரில் மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் மூல மாதிரியையே, ஜப்பானியச் சிப்பாயின் துப்பாக்கி முனையில், பார்த்தார்கள். சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனபோது அது சங்கீன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள். சனியன் என்ற பெயர் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

நான் பயனட்டைப் பார்த்தது இதே ஊர் வ.உ.சி. மைதானத்தில், சுதந்திர தின அணிவகுப்பில். ஏழெட்டு வயது. போலீஸ்காரர்கள் ஒரே நேரத்தில் இடுப்பிலிருந்து உருவி மாட்டினார்கள். வெயிலில் ஒரு வரிசை வெள்ளைக் கோடு. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த நான் அழுதேனாம். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

வல்லயம் என்ன ஆயிற்று? ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து காயத்தோடு தப்பி மருது சகோதரர்களிடம் போனார். மருதிருவர் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே. தனக்கு முதன்முதலில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். கற்றுக்கொண்டவன்தான் பிறகு அந்தப் படையில் நின்று அவருக்கு எதிராகப் போரிட்டான். டிசம்பர் 1-ஆம் தேதி ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு வந்தது: பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இருக்கக் கூடாது. கோட்டைகளை இடித்தார்கள். வல்லயங்களைப் பறித்தார்கள்.

பறிக்க முடியாத ஒரு கை இருந்தது. சுடலைமாடன் கை. தாமிரபரணிக் கரை நெடுக, சீவலப்பேரியிலிருந்து ஆற்றூர் வரைக்கும், எத்தனை பீடங்கள் இருக்கின்றன! கொடை விழா அன்று சாமியாடி கையில் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவது எது? அகராதியில் தேடவேண்டாம், எந்தச் சாமியாடியைக் கேட்டாலும் சொல்வார்: வல்லயம். கும்பினிச் சட்டம் சாமியிடம் செல்லவில்லை.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்த ஊரில் இருந்துகொண்டு கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தார். வாய்மொழியில் இருந்ததை ஏட்டில் ஏற்றினார். பாட்டு பிழைத்தது. இரும்பையும் கம்பையும் அப்படி யாரும் பதிவு செய்யவில்லை. பயனட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டில் எத்தனை அங்குலம், குழலின் விட்டம் என்ன, எந்தப் பட்டறை முத்திரை என்று தடித்தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. அதை மறித்து நின்ற வல்லயத்துக்கு நம்மிடம் இருக்கும் ஒரே அளவு, எதிரியாக வந்த ஒருவன் கண்ணால் பார்த்து எழுதிவைத்த பதினெட்டு, இருபது அடி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் சில ஈட்டிகள் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையும் உண்டு, பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும் உண்டு. போய்ப் பாருங்கள். ஆனால் நான் கேட்பது வேறு.

இந்த அரங்கில் பாதிப்பேர் கொடை கழிக்கும் ஊர்களிலிருந்து வந்திருப்பீர்கள். பங்குனியிலும் சித்திரையிலும் ஊருக்குப் போவீர்கள். பழைய வல்லயங்களை எடுத்துவிட்டுப் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகச் செய்துவைப்பது இப்போது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. பழையது பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன், பூசாரியிடம் அனுமதி கேட்டு, கோயில் ஆசாரம் கெடாமல், ஒரு டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். அலகு எத்தனை அங்குலம், கம்பு எத்தனை அடி, என்ன மரம், அலகைக் கம்பில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், யார் அடித்துக்கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படமும் எடுத்து, உங்கள் வரலாற்றுத் துறையில் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவருக்கு வெல்ஷ் தேவைப்படக்கூடாது.